நுகர்வோர் கேள்வி–பதில்: தோட்டத்தில் ஓடும் ரயில்

கேள்வி: மேசைமேல் ஓட்டும் மாதிரி ரயிலின் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தையே மொட்டைமாடியில் நிரந்தரமாகப் பதிக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம், ஒரு சருகு விழுந்தாலே அந்த ரயில் தடம்புரளும்.

கேள்வி: எங்கள் தோட்டம் சரிவானது. நீலகிரி மலை ரயிலைப் போல ஒன்றை ஏற்றிவிட ஆசை. 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பகுதியை எஞ்சினுக்கே கொடுத்துவிடலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: கூடாது. முதலில் தண்டவாளம், பிறகு எஞ்சின். உங்கள் ஊர் ரயில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது, அதைத் தோட்ட ரயில்கள் பலவற்றைப்போல 22.5 மடங்கு சுருக்கினால் 44.4 மி.மீ. வருகிறது என்பதால், தோட்ட ரயிலுக்கான 45 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிகப் பொருத்தமானது. ஆனால் கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை அசல் ரயில் 12.5 அடிக்கு ஓர் அடி ஏறுவது, நடுவிலுள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்வதால்தான். வழுவழுப்பான சக்கரங்களுக்கு 50க்கு 1 போதும். அதாவது 30 செ.மீ. உயர 15 மீட்டர் பாதை வேண்டும். எனவே முதல் பாதையைச் சமதளத்திலேயே போடுங்கள். தொடக்கத் தொகுப்புகளில் வரும் வளைவின் ஆரம் பெரும்பாலும் 60 செ.மீ.தான், நீண்ட எஞ்சின்களுக்கு அது போதாது. தோட்டத்து ரப்பர் குழாயைப் பாதைபோலத் தரையில் வளைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

விலை குறைவென்று நான் ஒருமுறை அலுமினியத் தண்டவாளம் வாங்கி, அதன் வழியாகவே எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்தேன். அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காலைதோறும் தேய்த்துச் சலித்து, இறுதியில் பேட்டரி எஞ்சின் வாங்கியபோது மொத்தச் செலவு பித்தளைத் தண்டவாளத்தின் விலையைத் தாண்டிவிட்டது. பேட்டரியில் ஓட்டுவதானால் மட்டும் அலுமினியம் நல்லது.

கேள்வி: எஞ்சின் வந்துவிட்டது. இனி எந்தத் தண்டவாளம் வாங்க வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: பணம் கட்டுவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கிடையே அளவுகோலை வையுங்கள். ஏறத்தாழ 40 மி.மீ. இருந்தால் 45 மி.மீ. பாதை, 28 இருந்தால் 32 மி.மீ. பாதை. இரண்டும் இல்லையென்றால், விற்றவரிடமே கேளுங்கள்.

கேள்வி: 'ஜி ஸ்கேல், ஒன்றோடொன்று பொருந்தும்' என்று இணையதளத்தில் எழுதியிருந்த கடையில் எஞ்சினும் இரு பெட்டிகளும் வாங்கினேன். எஞ்சின் பக்கத்தில் பெட்டிகள் பொம்மைபோல நிற்கின்றன. வந்து ஒன்பது நாளாகிறது; பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: தவறு உங்களுடையதன்று. பல ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டும் ஏமாற்று இந்த 'ஜி' என்னும் எழுத்து. 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் 45 மி.மீ. பாதையில் 1:22.5 அளவுள்ள ரயிலைக் கொண்டுவந்தது. அதே பாதையில் 1:20.3, 1:29, 1:32 என வெவ்வேறு அளவுகளில் செய்யும் மற்றவர்களின் சரக்கையும் கடைகள் அதே எழுத்தின்கீழ் விற்கின்றன. அந்த எழுத்து பாதையின் அகலத்தைத்தான் சொல்கிறதே தவிர, வண்டியின் அளவைச் சொல்வதில்லை. சுருக்க விகிதத்தை எழுதித் தரச் சொல்லி வாங்குவதே வழி.

பிரிட்டனில் இணையவழி வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அதோடு, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உறையைப் பிரித்தது அதற்குத் தடையன்று. இணையதள வாசகத்தின் படத்தை இணைத்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தப் பெட்டிகளைத் தோட்டத்தில் ஓட்டிக் கீறல் விழச் செய்யாதீர்கள்.