வாசகர் கேள்வி: ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்கியுமென்ட்?

கேள்வி: பைத்தானில் எண்கணிப்பு நூலகம் எழுதுகிறேன். ஒரு ஃபங்ஷனுக்கு ஏழு ஆர்கியுமென்ட் (அதற்குக் கொடுக்கும் உள்ளீடு) சேர்ந்துவிட்டது. வரிசையை நானே மறந்துபோகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தரவை மட்டும் வரிசைப்படி வாங்குங்கள். அதன்பின் ஒரு தனி நட்சத்திரக் குறி (*) போட்டுவிட்டால், மீதி ஆறையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும். பின்னாளில் அவற்றின் வரிசையை மாற்றினாலும் யாருடைய நிரலும் உடையாது.

பைத்தானின் எண்கணிப்பு நூலகமான நம்பையில் (NumPy), 1-களால் நிரம்பிய அணி கேட்டு ஒன்ஸ்(2, 3) என்று எழுதினால் பிழை வரும். அளவை ஒரே தொகுப்பாக எதிர்பார்ப்பதால், 3 என்பதை டேட்டா டைப் (தரவின் வகை) என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் தற்செயல் எண்கள் தரும் ராண்டம் பகுதியின் ராண்ட்(2, 3) ஒழுங்காக 2×3 அணி தரும். ஒரே நூலகத்துக்குள் இப்படி இரண்டு வழக்கம் கூடாது.

நாம் எதுவும் கொடுக்காதபோது ஃபங்ஷன் தானே எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பில்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் பிழைச்செய்தியே வராது. 2, 4, 6 ஆகியவற்றின் மாறுபாட்டை (variance) நம்பை எண்களின் எண்ணிக்கையான n-ஆல் வகுத்து 2.67 என்கிறது; பாண்டாஸ் நூலகமும் மேட்லேப் மென்பொருளும் n-1-ஆல் வகுத்து 4 என்கின்றன. இரண்டும் சரியே. எதைத் தேர்ந்தாலும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒரு ஃபிளாகை (ஆம்/இல்லை என்று கொடுக்கும் ஆர்கியுமென்ட்) மாற்றினால் விடையின் வடிவமே மாறுவது இன்னொரு தொல்லை. ஓர் அணியைக் காரணிகளாகப் பிரிக்கும் நம்பையின் எஸ்விடி (SVD) ஃபங்ஷன் மூன்று விடைகளைத் தரும். ஒரு ஃபிளாகை அணைத்தால் அவற்றில் சிங்குலர் மதிப்புகள் என்ற ஒன்றே வரும், மூன்றாகப் பிரித்து வாங்கும் வரி தடுமாறும். 2024-இல் வந்த நம்பை 2.0 பதிப்பில் சிங்குலர் மதிப்புகளுக்கெனத் தனி ஃபங்ஷனே சேர்த்தார்கள். நீங்களும் உங்கள் ஃபங்ஷனை இரண்டாகப் பிரியுங்கள். ஏழு ஆர்கியுமென்ட் தானாகக் குறையும்.