பட்டறை அண்ணன் பதில்கள்: பைக்குக்கு எந்த ஆயில்?

போன இதழில் செயின் பராமரிப்பு பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செயினை விட்டுவிட்டு ஆயிலைப் பற்றிக் கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்க ஆயில்தான்.

சாப்பாடு டெலிவரி செய்கிறேன். சின்ன பைக்குக்கான 2பி உரிமம், 150 சிசி பைக். மச்சான் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தெடிக் ஆயிலில் ஒரு லிட்டர் மிச்சமிருந்தது. விலை கூடின ஆயில்தானே என்று ஊற்றிவிட்டேன். இப்போது மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி முன்னே போக மாட்டேன் என்கிறது. கிளட்ச் போய்விட்டதா அண்ணே?
– வாசகர், ஈசூன்

தம்பி, மச்சானைத் திட்டாதீர்கள், அவர் ஆயில் நல்ல ஆயில்தான். அவர் காருக்கு.

காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். உங்கள் பைக்கில் ஒரே ஒரு லிட்டர் ஆயில் மூன்று வேலை செய்கிறது: பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும், கியர் பற்களுக்கு நடுவில் நசுங்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுகளையும் குளிப்பாட்ட வேண்டும். அந்தப் பிளேட்டுகள் ஆயிலில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்தாக வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரியான கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கிறார்கள். அது பிளேட்டுக்குள் போனால் பிடிப்பு எங்கே இருக்கும்?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஐ என்கிற அமெரிக்கத் தர முத்திரை வட்டத்தின் கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தால் அதை மச்சானிடமே திருப்பிக் கொடுங்கள். கியர் பைக்குக்கு நீங்கள் தேட வேண்டியது ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’. ஜப்பான்காரர்கள் பைக்குக்கென்றே 1998இல் கொண்டுவந்த தரம் அது. கிளட்ச் பிடிப்பைச் சோதித்துப் பார்த்துத்தான் அந்த எழுத்தைப் போட விடுவார்கள்.

இப்போது என்ன செய்வது? இன்றைக்கே ஆயிலை இறக்குங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணில், எம்ஏ உள்ள சாதாரண ஆயிலை ஊற்றி 200, 300 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது. பிளேட் கருகாமல் இருந்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். இறக்கின ஆயிலை மோந்து பாருங்கள். கருகின வாடை அடித்தால் பிளேட் செட்டே மாற்ற வேண்டியதுதான். போன வருடம் இதே கதையோடு ஒரு பையன் வந்தான், இரண்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறான். கவரைக் கழற்றினால் இரும்புப் பிளேட்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன, மயில் கழுத்து மாதிரி.

இன்னொன்று. நீங்கள் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடினால் 25 நாளில் 3,000 கிலோமீட்டர். நம் சிங்கப்பூர்த் தீவு கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான், ஆனால் டெலிவரி வண்டி புளோக்குக்குப் புளோக் நின்று நின்று ஓடுகிறது. கியர் பற்கள் ஆயிலை வெட்டி வெட்டி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடும். நியூட்ரல் சிக்காமல் அடம் பிடிக்கிறதென்றால் முதலில் ஆயிலைத்தான் சந்தேகப்படுவேன். விலை கூடின ஆயிலை ஊற்றிவிட்டு ஐந்து மாதம் மறந்துபோகிறவரைவிட, மாதாமாதம் சுமாரான எம்ஏ ஆயில் மாற்றுகிறவரின் இன்ஜினைத்தான் நான் நம்புவேன்.

ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறேன். கடற்பாலத்து நெரிசலில் இன்ஜின் நெருப்பாகக் கொதிக்கிறது. 10டபிள்யூ-40க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டை

முன்னால் இருக்கும் எண் குளிர்நாட்டுக்காரருக்கு. டபிள்யூ என்றால் வின்டர். 10 ஆனாலும் 20 ஆனாலும் பூஜ்யத்துக்குக் கீழே எப்படி ஓடும் என்பதைத்தான் சொல்கிறது. நம்மூரில் விடியற்காலையிலேயே 24, 25 டிகிரி, அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்னால் இருக்கும் 40, 50தான் சூடான இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்வது.

வண்டிப் புத்தகத்தில் வெப்பநிலை வாரியாக ஒரு பட்டை படம் இருக்கும். அதில் 20டபிள்யூ-50 இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். காற்றால் குளிரும் இன்ஜின் வரிசையில் நின்றால் காற்றே கிடைக்காது, அங்கே 50 கொஞ்சம் கைகொடுக்கும். படத்தில் இல்லையென்றால் வேண்டாம். இப்போதைய சின்ன இன்ஜின்கள் பலவும் மெல்லிய ஆயிலுக்கென்றே கட்டப்பட்டவை. கெட்டி ஆயில் ஊற்றினால் இழுவை குறையும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அப்புறம், வரிசை நகரவே இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள். எந்த ஆயிலையும்விட அது பலன் தரும்.

என் ஸ்கூட்டருக்குக் கடைக்காரர் ‘ஜாசோ எம்பி’ ஆயில் கொடுத்தார். எம்ஏதான் நல்லது என்று மகன் சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, தெம்பனிஸ்

கடைக்காரர் பக்கம்தான் நியாயம் அக்கா. ஸ்கூட்டரின் கிளட்ச் பெல்ட் பெட்டிக்குள் உலர்வாக இருக்கிறது, ஆயில் அதைத் தொடுவதே இல்லை. அதனால் வழுக்கலான எம்பி நல்லதுதான். எம்ஏ ஊற்றினாலும் கெட்டுப்போகாது, மகனையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் பின்சக்கரத்தின் பக்கத்தில் கியர் ஆயில் என்று நூறு மில்லி சொச்சம் தனியாக இருக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இதைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மாற்றிய ஒரே வாரத்தில் ஆயில் கறுத்துவிட்டது. போலி ஆயிலா? அளவும் குறைவாகத் தெரிகிறது.
– வாசகர், பிடோக்

கறுத்தால் அழுக்கைக் கழுவுகிறது என்று அர்த்தம். நிறத்தை வைத்துப் பயப்படாதீர்கள். இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப்பொடி மாதிரி மினுக்கினால்தான் பயப்பட வேண்டும்.

அளவைச் சைடு ஸ்டாண்டில் பார்த்தீர்களா? நானும் வேலை பழகிய முதல் வருடம் அப்படித்தான் பார்த்தேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஆயில் அளவு காட்டும் கண்ணாடியோ வலப்பக்கம். ஆயிலே தெரியவில்லை என்று ஊற்றினேன், ஊற்றினேன், கண்ணாடி நிறையும்வரை ஊற்றினேன். மறுநாள் அந்த வண்டி ஏர் ஃபில்டர் பெட்டி முழுக்க ஆயிலோடு, வெள்ளைப்புகை விட்டுக்கொண்டு திரும்பி வந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, துடைக்கத் துணியை மட்டும் நீட்டினார். வண்டியை நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்து மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள்.

அப்பா விட்டுப்போன யமஹா ஆர்எக்ஸ்இசட் வைத்திருக்கிறேன். 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலையே கியர்பாக்ஸிலும் ஊற்றலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

கூடவே கூடாது. 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோவதற்கென்றே செய்தது, அதில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான தர எழுத்தான ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி பார்த்து வாங்குங்கள். கியர்பாக்ஸில் கிளட்சும் ஊறுகிறது, அதற்கு, மேலே ஈசூன் தம்பிக்குச் சொன்ன எம்ஏதான்.

பழைய கியர் ஆயிலை இறக்கும்போது ஓர் அளவுக் குவளையில் பிடியுங்கள். ஊற்றியதைவிட நன்றாகக் குறைந்திருந்து, வெளியே கசிவும் இல்லாமல், புகை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தால், கியர் ஆயிலை இன்ஜினுக்குள் விடாமல் தடுக்கும் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் தேய்ந்து இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது. அப்போது எந்த ஆயில் வாங்கினாலும் பயனில்லை, சீலை மாற்றுங்கள்.