லேபிளில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

மிலானில் ஆடை வடிவமைப்புப் படிப்பை முடிக்கப்போகிறேன். மாலை விருந்துக்கான கவுன்கள் மட்டுமே தைக்கும் ஒரு குடும்ப நிறுவனம் என்னை வேலைக்கு அழைக்கிறது. தாத்தா தொடங்கியதை இப்போது இரண்டு பேத்திகள் நடத்துகிறார்கள். நான் என்ன வரைந்தாலும் லேபிளில் அவர்கள் குடும்பப் பெயர்தான். ரோமில் ஆடையகம் நடத்திய ஃபொன்டானா சகோதரிகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததால் கேட்கிறேன். போகலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

லேபிளைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். பாரிஸின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் டியோர் 1957-இல் இறந்தார். அதன்பிறகு அவர் நிறுவனத்துக்கு வந்த வடிவமைப்பாளர்கள் எல்லாரும் அவர் பெயருக்குத்தான் வரைந்திருக்கிறார்கள். பெரிய இடத்துக்குப் போனாலும் இதே கதைதான்.

ஃபொன்டானா கட்டுரையில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பார்மாவுக்குப் பக்கத்துச் சிற்றூரில் தாய் அமாபிலேயின் தையற்கூடத்தில் தொழில் கற்ற சகோதரிகள் மூவரும், ரோமுக்கு வந்ததும் கடை விரித்துவிடவில்லை. ஸோயே ஒரு பிரபல ஆடையகத்தில் கூலிக்குத் தைத்தார். மிகோல் இன்னொன்றில். ஜொவான்னா வீட்டிலிருந்தபடியே தைத்தார். 1943-இல்தான் சொந்தக் கடை. 1949-இல் ஹாலிவுட் நடிகை லிண்டா கிறிஸ்டியனின் திருமண கவுன் இவர்களை உலகறியச் செய்தது. அடுத்தவர் பெயருக்காக மிகோல் ஊசி பிடித்த அந்த ஆண்டுகளை நான் ஒரே வரியில் தாண்டியிருந்தேன். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த ஆண்டுகள்தான்.

கவுன் காகிதத்தில் கற்கும் பொருள் அல்ல. மூலைவாக்கில் வெட்டிய சாட்டின் துணியைத் தொங்கவிட்டால் அது தன் எடையிலேயே இறங்கும். ஒரு நாளாவது தொங்கவிட்ட பிறகே விளிம்பு மடிக்க வேண்டும். அவசரப்பட்டு மடித்தால் ஓரம் அலையலையாக நிற்கும். மணி கோத்த துணியென்றால், தையல் ஓடும் இடத்தில் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் தைக்க முடியும். வரையும்போது கை தாராளமாக மணி தூவிவிடும்; தைக்கிறவர் ஒரு பகல் முழுதும் அதைப் பிரித்துக்கொண்டிருப்பார். சிறிய இடத்தில் அந்த அம்மா பக்கத்து அறையில்தான் இருப்பார். உங்களை வந்து திட்டுவார். அந்தத் திட்டு பெரிய நிறுவனத்தில் உங்கள் மேசை வரை வந்து சேராது.

ஆனால் ஒன்று. குடும்பத்தின் முடிவுகள் சாப்பாட்டு மேசையில் எடுக்கப்படும். அங்கே உங்களுக்கு நாற்காலி இருக்காது. ஃபொன்டானாக்களில் ஸோயே 1979-இல் இறந்தார். 1992-இல் நிறுவனமே கைமாறியது. மிகோல் பழைய ஆடைகளையும் வரைபடங்களையும் காக்க ஓர் அறக்கட்டளை அமைத்து, 101 வயதுவரை வாழ்ந்து 2015-இல் மறைந்தார். தன் வரைபடங்களைக் காப்பாற்ற அவரால் முடிந்தது, ஏனென்றால் அவர் ஃபொன்டானா குடும்பத்தவர். சம்பளத்துக்கு வரைகிறவருக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே போங்கள், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு. அளவு பார்க்கும்போது வாடிக்கையாளர் முன் நீங்களும் நிற்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் அந்த வேலை வேண்டாம். உங்கள் வரைபடங்களின் நகலையும் முடிந்த கவுன்களின் புகைப்படங்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தாத்தாவின் படம் மாட்டிய அறையில், காபி கொடுத்து உபசரிக்கும் அந்தப் பெண்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். காபியைக் குடித்துவிட்டுக் கேளுங்கள்.