டெல்டாவில் இருந்துகொண்டே பாட்டெழுதி சினிமாவுக்குப் போக முடியுமா? வாலி எப்படிப் போனார்?

முடியும், ஆனால் காத்திருக்கத் தெரிய வேண்டும். நான் கும்பகோணத்துக்காரன். எனக்கு எப்போதும் தெம்பு தருவது வாலியின் கதைதான்.

வாலியின் இயற்பெயர் ரங்கராஜன். 1931இல் பிறந்த அவர், இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். படம் வரைவார், நாடகம் எழுதுவார், திருச்சி வானொலிக்கும் எழுதினார். அப்போது முருகன் மேல் எழுதிய ஒரு பாட்டை அஞ்சலட்டையில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். ஒரு கார்டில் எவ்வளவு இடம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்! சொல்லை அளந்து அளந்துதான் வைக்க வேண்டும். டி.எம்.எஸ். அதற்கு மெட்டுப் போட்டுப் பாடினார். 'கற்பனை என்றாலும்' இன்றும் எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை கேட்கும்.

1958இல் முதல் சினிமாப் பாட்டு. அப்புறம்தான் கஷ்டம். வாய்ப்பே இல்லாமல், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். 1963இல் 'கற்பகம்' படம் வந்தது, எல்லாப் பாட்டும் அவருடையது. பிறகு எம்.ஜி.ஆர். படங்கள், மாநில விருதுகள், 2007இல் பத்மஸ்ரீ. விஸ்வநாதன் முதல் ரஹ்மான் வரை எல்லோருக்கும் எழுதினார்.

நீங்களும் முதலில் உள்ளூர்ப் பாடகர் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் பாடும்போது எந்தச் சொல்லில் மூச்சு முட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.