வாசகர் கேள்வி – பதில்: ஆற்றோர நடையும் மலைச் சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கொத்மலை ஓயாவின் கரையோரமாக நடக்க ஆசை. வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துப் போனால் போதுமா? – வாசகி, தலவாக்கலை

போதாது. உங்கள் தலைக்கு மேல் வெயிலடிக்கும்போதே அக்கரப்பத்தனைப் பக்கமோ நானுஓயாப் பக்கமோ மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீரும் இதே ஆற்றுக்குத்தான் வந்து சேரும். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வந்த வழியைத் தேடிக் கரையோரமாகவே திரும்பி நடக்காதீர்கள்.

மேல்கொத்மலை அணைக்குக் கீழே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீர்மட்டம் ஏறினால் வான்கதவுகள் திறக்கப்படும். சைரன் கேட்டால் சாப்பாட்டுக் கூடையை எடுக்கக்கூட நிற்க வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஆற்றுப்படுகையில் இறங்காமல் மேட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் காலை வெளுத்திருக்கும், பின்னேரம் இடி இடிக்கும். ஆறரைக்குப் புறப்பட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுங்கள்.

பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். தோட்டப் பாதையில் இறங்கும்போது பிரேக் பிடி ஹேண்டில் வரை வந்துவிடுகிறது, ரிம்மும் சுடுகிறது. பிரேக் கட்டையை மாற்றினால் சரியாகுமா? – வாசகர், ஹட்டன்

கட்டை பாதிக் காரணம்தான். மீதி, நீங்கள் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். முகத்திலுள்ள பள்ளக் கோடுகள் மறையத் தொடங்கியிருந்தால் மாற்றுங்கள். கோடு நன்றாக இருந்தால், உள்ளே புதைந்திருக்கும் மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால் கிளறி எடுத்து, பளபளப்பு போகும் அளவுக்கு உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரிம்மை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் பட்டுவிடக் கூடாது. ரிம்மின் பக்கச் சுவர் விரலுக்குக் குழியாகத் தட்டுப்பட்டால் புதுக் கட்டை போட்டும் பயனில்லை, ரிம்மையே மாற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் 1 முதல் 2 மில்லிமீற்றர் இடைவெளி போதும். கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முந்தித் தொட்டால் கிறீச்சிடாது. டயரை மட்டும் உரசவே கூடாது. உரசினால் ஒரே இறக்கத்தில் டயர் கிழியும். கேபிள் தளர்ந்திருந்தால் பிடியருகே உள்ள திருகைச் சிறிது வெளியே திருப்புங்கள். முழுப் பலத்தோடு அழுத்தினாலும் பிடிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிஞ்ச வேண்டும்.

இனி இறக்கம். மேலிருந்து கீழே வரை பிரேக்கை அழுத்தியபடியே வருவதால்தான் ரிம் சுடுகிறது. சூடு டியூப்புக்கு ஏறினால் அது வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். மழை நாளில் ரிம்மின் ஈரம் துடைபடவே ஓரிரு சுற்று ஆகும் என்பதால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பாதையின் குறுக்கே ஓடும் கானைச் சாய்வாகக் கடந்தால் முன்சில்லு சிக்கிக்கொள்ளும், நேராகக் கடவுங்கள். இரண்டு அங்குல டயருக்கு 35 பிஎஸ்ஐ காற்று கல் பாதைக்குத் தோதானது. கல்லாக இறுக அடித்தால் சில்லு துள்ளுமே தவிரப் பிடிக்காது.

உடவத்தகலைக் காட்டுக்குள் நடந்தால் அட்டை கடிக்கிறது. தீக்குச்சியால் சுடலாமா? – வாசகி, கண்டி

சுடாதீர்கள், உப்பும் போடாதீர்கள். வதைபட்ட அட்டை வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கும். மெல்லிய முனைதான் வாய். அதனடியில் நகத்தை நுழைத்து வழித்துவிட்டு, பிறகு தடித்த முனையைக் கழற்றுங்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு சுரப்பை அது உள்ளே விடுவதால் கசிவு நெடுநேரம் நிற்காது, பயம் வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும். அடுத்த முறை காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துப் போங்கள்.

தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் குளவி கலைந்தால்? – வாசகர், பொகவந்தலாவை

கையை வீசாமல் முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். கதவடைத்த அறை கிடைக்கும் வரை நிற்க வேண்டாம். ஆற்றுக்குள் குதிப்பது வீண், மூச்செடுக்கத் தலை தூக்கும்போது மறுபடி கொட்டும். உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, தலை சுற்றினாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு வரை சைக்கிளில் போகலாமா? – வாசகர், பண்டாரவளை

முடியாது. ஏறக்குறைய 9.5 கிலோமீற்றர் சுற்றுப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான். மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் பனிமூட்டம் மூடிவிடும், அதனால் முதலில் உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி. பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள்.