சாப்ரோப்டெரின் கிடைத்தால் இட்லி சாம்பார் சாப்பிடலாமா?

உங்கள் அக்கா குழந்தைக்கு பிகேயூ (புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் மாற்ற முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்துவிடும் பரம்பரை நோய்), சாப்ரோப்டெரின் மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குழந்தையின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

என் மகனுக்கும் இதே நோய், ஒன்பது வயது. இங்கே சிங்கப்பூரில், பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனினை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும் என்சைம் கல்லீரலில் இருக்கிறது. 452 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. ஒழுங்காக மடிந்தால்தான் வேலை செய்யும். அதன் மரபணுவில் இதுவரை 1,000க்கும் மேற்பட்ட பிறழ்வுகளை, அதாவது மாற்றங்களை, கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலவற்றில் என்சைம் உருவாகும், ஆனால் மடிப்பு தளர்ந்து சீக்கிரமே சிதைந்துவிடும். சாப்ரோப்டெரின் அந்த என்சைமோடு ஒட்டிக்கொண்டு மடிப்பு கலையாமல் தாங்கிப் பிடிக்கும். அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்ற மருந்து. ஆனால் 408ஆம் இடத்தில் ஆர்ஜினின் போய் டிரிப்டோஃபேன் வந்துவிடும் பிறழ்வு போன்றவற்றில் வேலை செய்யும் என்சைமே ஏறக்குறைய இருக்காது. மருந்து எதைத் தாங்கும்?

‘மாமன் மகனையா கட்டினாய்?’ என்று கேட்காத உறவினர் இல்லை. நாங்கள் சொந்தமே இல்லை. பையனுக்கு இரண்டு வெவ்வேறு பிறழ்வுகள். என்னிடமிருந்து போனது ஒன்றுக்கும் உதவாது. அவன் அப்பா கொடுத்ததில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. மாத்திரை கொடுத்துப் பார்க்கும்போது ரத்தத்தில் ஃபீனைல்அலனின் 30 சதவீதமாவது இறங்கினால்தான் பலன் என்று எடுத்துக்கொள்வார்கள். இவனுக்கு அதைவிடச் சற்றே கூடுதலாக இறங்கியது, அவ்வளவுதான்.

அதனால் தராசு இன்னும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. பருப்பு, பால், முட்டை கிடையாது, சோறும் அளந்துதான். புரதத்துக்குப் பதிலாக, ஃபீனைல்அலனின் இல்லாத அமினோ அமிலங்கள் கலந்த, நாற்றமடிக்கும் பவுடர். கைகொடுப்பது இங்கே தேக்கா சந்தையில் வாங்கும் ஜவ்வரிசி, அதில் புரதம் இல்லாத மாதிரிதான். வேர்க்கடலை போடாமல் உப்புமா கிண்டுங்கள். அப்புறம், சர்க்கரை இல்லாத ‘ஸீரோ’ பானங்களில் அஸ்பார்ட்டேம் இருக்கிறதா பாருங்கள். அது உடலில் உடைந்தால் ஃபீனைல்அலனின் வரும்.

டாக்டர் சொல்லாமல் அக்கா எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு இட்லி இரண்டானது. சாம்பார் இன்னும் இல்லை, பருப்புத் தண்ணீர் சேர்க்காத ரசம்தான்.