அடுப்படியில் கொஞ்சம் கவனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலம் டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

காலையில் எழுந்தால் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் வீட்டுக்காரர் தறிக்கும் கிளம்பும்வரை அடுப்படியே கதி. மனசு அமைதியாக இருக்க தியானம் பண்ணச் சொல்கிறார்கள். நேரத்துக்கு நான் எங்கே போவேன் மேடம்?
– அம்மாப்பேட்டை வாசகி

தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது செய்கிற வேலையில் முழுக் கவனம் வைப்பது என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்துக்கான பயிற்சியைத் தொடங்கினார். எட்டு வாரம் நடக்கும் அந்தப் பயிற்சியில் முதல் பாடமே சாப்பாட்டை வைத்துத்தான். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வாங்கி, பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று விழுங்க வேண்டும்.

அந்தத் திராட்சை செய்கிற வேலையை நம் ராகிக் களி இன்னும் நன்றாகவே செய்யும். நொய்யை வேகவைத்து, அது குழைந்து கொதிக்கும்போது மாவை நடுவில் குவித்துப் போடுகிறீர்கள். துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, தீயைக் குறைத்து மூடி வைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் குழி வழியாக ஆவி வரும், பச்சை மாவு வாசனை மாறும். அப்புறம் கிண்டத் தொடங்கினால் கை, தோள், கண் எல்லாம் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்க வேண்டும். கவனம் போனால் கட்டி விழும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டுங்கள். இடையில் ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும், குழுக் கடன் ஞாபகம் வரும். வரட்டும். வந்தது தெரிந்ததும் மனதைத் துடுப்புக்குத் திருப்புங்கள். அந்தத் திருப்புதல்தான் பயிற்சி, எத்தனை முறை திருப்பினாலும் சரி.

எல்லா வேலையையும் இப்படிச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒரு வேளைச் சமையலில் ஏதாவது ஒரு வேலையை மட்டும் போன், டிவி இல்லாமல் செய்யுங்கள். வெங்காயம் உரிப்பதாக இருக்கலாம், கீரை ஆய்வதாக இருக்கலாம். களி கிண்டினால் உடம்புக்கும் லாபம்: 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தொட்டுக்கொள்ள கொள்ளு கடைசல் வைத்தால் புரதமும் சேர்ந்துவிடும்.

எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதை நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பு. சத்தான சமையல் ஏதாவது சொல்லுங்கள்.
– ஓமலூர் வாசகி

சமையல் குறிப்புக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. உங்களுக்கும் அது இருந்தால் சாப்பாட்டோடு மாத்திரையும் வேண்டியிருக்கும். அளவு குறைவாக இல்லையென்றால் களைப்புக்கு வேறு காரணம் இருக்கும், டாக்டர் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முருங்கைக்கீரையோ பருப்புக் கடைசலோ செய்தால், இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை உங்கள் வீட்டாரும் படிக்கட்டும். குழம்பில் காய் தீர்ந்து, பொரியல் தீர்ந்து, கடைசியில் சோறும் ரசமும்தான் உங்கள் தட்டுக்கு வருகிறது. சத்தான சமையலைச் செய்கிற கைக்கே சத்து போய்ச் சேரவில்லை. இதைவிட அநியாயம் வீட்டில் வேறென்ன இருக்கிறது? பரிமாறத் தொடங்கும்போதே உங்கள் பங்குப் பொரியலையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து மூடிவிடுங்கள். முடிந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்காவது எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். தோசை, சப்பாத்தி மாதிரி சுடச்சுடப் போட வேண்டியதை அந்த நாட்களில் தவிர்த்தால் இது சுலபம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். நின்றபடி விழுங்கினால் பசி அடங்கியதே தெரியாது.

நம்ம ஊர் ஜவ்வரிசி சத்தானதா? விரதத்துக்கு அதில்தான் உப்புமா செய்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.
– ஆத்தூர் வாசகர்

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள், நம் மரவள்ளி விவசாயிகளின் உழைப்பு. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அது கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் பேருக்குத்தான். உப்புமாவில் ஜவ்வரிசியைக் குறைத்து, வறுத்த நிலக்கடலையும் கேரட், பீன்ஸும் தாராளமாகப் போடுங்கள். அப்பாவுக்கு ஒரு சின்னக் கரண்டி போதும். அவருக்கு அன்றைக்குச் சாமை உப்புமா நல்லது, அதுவும் அளவோடு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் விரதம் இருப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே இருக்க வேண்டும்.

எஸ்டேட் வேலை. குளிருக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி ஆகிவிடுகிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை.
– ஏற்காடு வாசகர்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காபி விளைகிற மலையில் இருப்பவரிடம் காபியை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் மதியம் இரண்டு மணிக்குமேல் காபி வேண்டாம். மாலைக் குளிருக்குக் காபித்தூள் போடாத சுக்குமல்லிக் காப்பி போதும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும், ஒவ்வொரு நாளும் ஒரு காபி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

போன் காட்டினால்தான் நாலு வயது மகன் சாப்பிடுகிறான்.
– அஸ்தம்பட்டி வாசகி

என்ன சாப்பாடு, எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவன் முடிவு செய்யட்டும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவன் கையாலேயே அள்ளிச் சாப்பிட விடுங்கள். இறைத்தால் இறைக்கட்டும். முதல் சில நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். நடுவில் பிஸ்கட் கொடுக்காமல் இருந்தால் அடுத்த வேளைக்குப் பசி வந்துவிடும். எடை குறைந்தாலோ எதையுமே சாப்பிடாமல் இருந்தாலோ குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.

வேலைக்கு அலைகிறேன். மனசு சரியில்லாத சாயங்காலங்களில் தட்டுவடை செட், அப்புறம் முறுக்கு செட் என்று வயிறு முட்டத் தின்றுவிட்டு வருத்தப்படுகிறேன்.
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

தம்பி, தட்டுவடை செட்டை எதிரியாக்க வேண்டாம். கடைக்குப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இது பசியா, மனசுக் கஷ்டமா என்று உங்களையே கேளுங்கள். பசி என்றால் முதலில் சுண்டலோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். மனசுக் கஷ்டம் என்றால் ஒரு நண்பரோடு போங்கள். ஒரு செட் வாங்கி, தட்டுவடை நொறுங்குவதையும் பீட்ரூட் துருவலின் இனிப்பையும் காரச் சட்னி ஏறுவதையும் கவனித்து மெதுவாகத் தின்னுங்கள். தின்றதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். திட்டினால் அடுத்த நாள் இன்னும் அதிகமாகத்தான் தின்னத் தோன்றும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் ஆர்வமும் இல்லாமல் மனசு பாரமாகவே இருந்தால் சாப்பாட்டை மட்டும் சரிசெய்து பயனில்லை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சர்க்கரை இருப்பவர்கள் மல்கோவா தொடவே கூடாதா?
– வாழப்பாடி வாசகி

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கொஞ்சம் சாப்பிடலாம். சோற்றோடு சேர்க்காமல், இரண்டு வேளைக்கு நடுவில், பாதிக் கதுப்பு. ஜூஸ் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்துவிட்டு, அடுத்த முறைக்கான அளவை முடிவு செய்யுங்கள்.